சைக்கிள் பாட்டில் தண்ணீர்: எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு வேண்டாம்

கேள்வி இதுதான்: “ஞாயிறுதோறும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 80, 100 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிறேன். பிழிந்து குடிக்கும் பிளாஸ்டிக் பாட்டில் இரண்டு வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக்கில் குடித்தால் புற்றுநோய் வரும், ஸ்டீலுக்கு மாறிவிடு என்று வீட்டில் சொல்கிறார்கள். மாறத்தான் வேண்டுமா?”

சாலையில் மாற வேண்டாம். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மாறிவிடுங்கள். சைக்கிளுக்கென்று செய்யப்பட்ட நல்ல பாட்டிலில் காலையில் தண்ணீர் ஊற்றி, ஓடும்போதே குடித்துத் தீர்த்து, வழியில் மறுபடி நிரப்பிக் குடிப்பதில் நான் பெரிய ஆபத்தைக் காணவில்லை. மீந்த தண்ணீரை அதிலேயே விட்டுவைத்து மறுநாள் குடிப்பதிலும், வெயிலில் பூட்டிய காருக்குள் பாட்டிலைப் போட்டுவிட்டுப் போவதிலும், வாய்ப்பகுதியைக் கழற்றிக் கழுவாமல் மாதக்கணக்கில் ஓட்டுவதிலும்தான் ஆபத்து இருக்கிறது. ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதை விளக்கமாகவே சொல்கிறேன். இதில் பயமுறுத்துகிறவர்களும் அரை உண்மைதான் சொல்கிறார்கள், “ஒன்றும் ஆகாது” என்கிறவர்களும் அரை உண்மைதான் சொல்கிறார்கள்.

முதலில் பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பகுதியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். பிழிந்தால் அமுங்கும் சைக்கிள் பாட்டில்களில் பெரும்பாலும் 4 என்று போட்டிருக்கும். அது எல்டிபிஇ எனப்படும் மென்மையான பாலிஎத்திலீன். சிலவற்றில் 5 இருக்கும், அது பாலிப்ரொப்பிலீன். கடையில் வாங்கும் மினரல் வாட்டர் பாட்டிலில் இருப்பது 1, அதாவது பெட். 7 என்பது 1 முதல் 6 வரையிலான எந்த வகையிலும் சேராதவற்றுக்கெல்லாம் பொதுவான எண். பழைய கெட்டிப் பாட்டில்களில் பயன்பட்ட பாலிகார்பனேட்டும் அதில் அடங்கும், அதற்கு மாற்றாக வந்த ட்ரைட்டானும் அதில் அடங்கும். எண்ணே இல்லாத பாட்டில் என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் குடிநீருக்கு வேண்டாம்.

மக்கள் மனத்தில் பயத்தை விதைத்த பெயர் பிஸ்பீனால் ஏ, சுருக்கமாக பிபிஏ. உடலுக்குள் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போல நடந்துகொள்ளக்கூடிய வேதிப்பொருள் இது. பாலிகார்பனேட்டைச் செய்வதற்கான மூலப்பொருளே இதுதான். எல்டிபிஇ, பாலிப்ரொப்பிலீன் இரண்டையும் செய்வதற்கு பிபிஏ தேவையில்லை. ஆகவே பிழியும் பாட்டில் ஒன்றின் மேல் “பிபிஏ இல்லாதது” என்று பெரிதாக அச்சிட்டிருந்தால், அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். எந்த நிறுவனத்தின் எல்டிபிஇ பாட்டிலுக்கும் அது பொருந்தும்.

பிபிஏ இல்லையென்றால் வேறு எதுவும் இல்லை என்று அர்த்தமல்ல. இந்தப் பாட்டில்களைப் பற்றி நேரடியாகவே ஒரு நல்ல ஆய்வு வந்திருக்கிறது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் செலினா டிஸ்லர், யான் கிறிஸ்டென்சன் இருவரும் 2022ல் வெளியிட்டது. விளையாட்டு வீரர்கள் பயன்படுத்தும் மென்மையான பாட்டில்களில் குழாய்த் தண்ணீரை ஊற்றி 24 மணி நேரம் வைத்தார்கள். புதிய பாட்டில், பழைய பாட்டில், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் கழுவிய பாட்டில், கழுவியபின் மீண்டும் அலசிய பாட்டில் என்று ஒப்பிட்டார்கள். பிளாஸ்டிக்கிலிருந்து வந்தவையாக 400க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் தண்ணீரில் தென்பட்டன. இயந்திரத்தின் சோப்பிலிருந்து வந்தவை 3,500க்கும் மேல். பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்ப்பவை, அச்சிலிருந்து ஒட்டாமல் வரச் சேர்ப்பவை, கெடாமல் காக்கச் சேர்ப்பவை, ஒளி பட்டால் வினைபுரியும் பொருள்கள் எனப் பலவும் அந்தப் பட்டியலில் இருந்தன. கடைசி வகையில் சிலவற்றின் மீது ஹார்மோன்களைக் குலைக்கும் என்ற ஐயம் ஏற்கெனவே உண்டு.

இந்தச் செய்தி உலகம் முழுக்கப் பரவியபோது எண்ணிக்கை மட்டுமே தலைப்பானது. 400 பொருள்கள் என்றால் 400 நஞ்சுகள் அல்ல. இன்றைய கருவிகள் மிக மிகச் சிறிய அளவையும் கண்டுபிடித்துவிடும். அந்த ஆய்வு எத்தனை பொருள்கள் வெளிவருகின்றன என்று தேடியதே தவிர, குடித்தவருக்கு என்ன ஆகும் என்று சோதிக்கவில்லை. அதே சமயம் அந்த ஆய்வாளர்களே இனிமேல் கண்ணாடி அல்லது தரமான ஸ்டீல் பாட்டிலைத்தான் பயன்படுத்துவோம் என்று சொன்னார்கள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அறிந்தவர்கள் தங்களுக்கு என்ன செய்துகொள்கிறார்கள் என்பதும் ஒரு தகவல்தான்.

எனக்கு அந்த ஆய்வில் மிக முக்கியமாகப் படுவது 24 மணி நேரம் என்ற அளவு. பிளாஸ்டிக்கிலிருந்து எது கசிந்தாலும் அதைக் கூட்டுவது மூன்று விஷயங்கள்: எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு, உள்ளே என்ன திரவம். சைக்கிள் ஓட்டுகிறவருக்கு முதல் விஷயம் இயல்பாகவே சாதகமாக இருக்கிறது. நம் ஊர் வெயிலில் ஒழுங்காகக் குடிப்பவருக்கு 600 அல்லது 750 மில்லி பாட்டில் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும். முட்டுக்காட்டில் காலியானால் கோவளத்தில் நிரப்புகிறோம், மறுபடி மாமல்லபுரத்தில் நிரப்புகிறோம். எந்தத் தண்ணீரும் பாட்டிலுக்குள் ஒரு நாள் தங்குவதில்லை. ஓடி முடித்த களைப்பில் கால் பாட்டில் தண்ணீரோடு சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுப் போய், மறுநாளோ அடுத்த ஞாயிறோ “தண்ணீர்தானே” என்று அதையே உறிஞ்சுகிறோமே, அந்தத் தண்ணீர்தான் ஆய்வகத்து நிலைமைக்கு மிக அருகில் இருக்கிறது. வீட்டு வாசலிலேயே மீந்ததைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சூட்டைப் பற்றி நம்மிடம் திருத்தமான எண்கள் இருக்கின்றன. பெட் பாட்டிலைத் தயாரிக்கும்போது ஆன்டிமனி என்ற தனிமத்தின் சேர்மத்தை வினையூக்கியாகச் சேர்ப்பது வழக்கம். அதில் கொஞ்சம் பிளாஸ்டிக்கிலேயே தங்கிவிடும். அரிசோனாவில் 2008ல் வெளியான ஓர் ஆய்வு, பாட்டில் தண்ணீரை வெவ்வேறு சூட்டில் வைத்து, அமெரிக்கக் குடிநீர் வரம்பான லிட்டருக்கு 6 மைக்ரோகிராம் அளவை ஆன்டிமனி எப்போது தாண்டும் என்று கணக்கிட்டது. 60 டிகிரி செல்சியஸில் 176 நாள். 65 டிகிரியில் 38 நாள். 75 டிகிரியில் ஐந்து நாளுக்கும் குறைவு. 85 டிகிரியில் ஒன்றேகால் நாள். ஐந்து டிகிரி ஏறினால் நாள்கணக்கு எப்படிச் சரிகிறது என்று பாருங்கள். சைக்கிளில் காற்றடித்துக்கொண்டே போகும் பாட்டில் மே மாதத்திலும் 60 டிகிரியைத் தொடாது. வெயிலில் நிறுத்திய காரின் முன்கண்ணாடிக்கு அடியில் இருப்பது தொடும். சைக்கிளைக் காரில் ஏற்றி மலையடிவாரம் வரை கொண்டுபோகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஓட்டி முடித்து, பாட்டில்களைப் பின்கண்ணாடி ஓரம் எறிந்துவிட்டு, சாப்பிடப் போய்த் திரும்பி வந்து அதே தண்ணீரைக் குடிக்கக் கூடாது. ஒரே ஒரு முறை குடித்ததால் யாருக்கும் எதுவும் வந்துவிடாது. வாரந்தோறும் நடக்கும் பழக்கத்தைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

கடையில் வாங்கிய ஒரு லிட்டர் பாட்டிலையே கேஜில், அதாவது சைக்கிளில் பாட்டிலைத் தாங்கும் கூட்டில், செருகி மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை, அதற்கு முதல் காரணம் வேதியியலும் அல்ல. சைக்கிள் பாட்டிலின் விட்டம் சுமார் 74 மில்லிமீட்டர், கேஜ் அந்த அளவைக் கவ்விப் பிடிக்கத்தான் வளைக்கப்பட்டிருக்கிறது. பாட்டிலின் மேல்பகுதியில் இருக்கும் இடுப்பு போன்ற பள்ளம் கேஜின் பற்கள் பிடித்துக்கொள்வதற்காக உள்ளது. மெல்லிய பெட் பாட்டில் சரியான அளவில் இருக்காது, வழுக்கும், தண்ணீர் குறையக் குறைய நசுங்கிச் சுருங்கும். வேகத்தடையில் துள்ளி விழுந்து பின்னால் வருகிறவரின் முன்சக்கரத்துக்கு அடியில் உருளும். கூட்டமாக ஓட்டும்போது இப்படி உருளும் பாட்டிலால் எலும்பு முறியலாம். மூடியைத் திருகித் திறக்க இரண்டு கையும் வேண்டும் என்பதும் சாலையில் சின்ன விஷயம் அல்ல.

நுண்பிளாஸ்டிக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் விற்கும் பாட்டில் தண்ணீரில் லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 பிளாஸ்டிக் துகள்கள் இருந்தன. அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு நானோ அளவு. அதில் பாட்டிலிலிருந்து வந்த பெட் மட்டுமல்ல, சுத்திகரிப்பு வடிகட்டிகளிலிருந்து வந்ததாகக் கருதப்படும் பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக்கும் நிறைய இருந்தது. அதே ஆண்டு மார்ச்சில் இத்தாலிய மருத்துவர்கள், கழுத்துத் தமனியிலிருந்து எடுத்த கொழுப்புப் படிவில் பிளாஸ்டிக் துகள்கள் இருந்த நோயாளிகளுக்கு அடுத்த மூன்றாண்டுக்குள் மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றின் ஆபத்து நாலரை மடங்கு கூடுதலாக இருந்ததைக் காட்டினார்கள். துகள்தான் காரணம் என்று அது நிறுவவில்லை. ஆனால் புறந்தள்ளக்கூடிய செய்தியும் அல்ல. மெல்லிய பெட் பாட்டிலை மீண்டும் மீண்டும் நசுக்குவதும், மூடியைத் திறந்து மூடித் திருகு மறையைத் தேய்ப்பதும் துகளை உதிர்க்கும். ஒருமுறை பயன்பாட்டுக்குச் செய்ததை ஒருமுறைக்கே வைத்துக்கொள்ளலாம். நீலகிரியில் ஏறுகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. அங்கே 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது, சொந்தப் பாட்டிலைக் கொண்டுபோய் நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். மேட்டுப்பாளையத்தில் இரண்டு பாட்டிலையும் முழுசாக நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.

இனி, யாரும் கேட்காத ஒரு கேள்வியை நான் கேட்கிறேன். உங்கள் பாட்டிலுக்குள் ஊற்றும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சென்னையில் பெரும்பாலான வீடுகளில் 20 லிட்டர் கேன். அந்த நீல நிறக் கெட்டிக் கேன்களில் பல பாலிகார்பனேட்டால் ஆனவை. அடியில் 7 இருக்கும், பல இடங்களில் பிசி என்ற எழுத்துகளும் இருக்கும். கேன் ஏஜென்சியின் வண்டியில் வெயிலில் சுற்றி, கடை வாசலில் வெயிலில் காய்ந்து, கீறல் விழுந்து மங்கிப்போன கேன்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு மணி நேரம் தங்கும் சைக்கிள் பாட்டிலைப் பற்றிக் கவலைப்படுகிற குடும்பம், நாள்கணக்கில் தண்ணீர் தங்கியிருக்கும் அந்தக் கேனைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

பாலிகார்பனேட் விஷயத்தில் சான்றுகள் வலுவானவை. 2009ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 77 மாணவர்களை ஒரு வாரம் பாலிகார்பனேட் பாட்டிலில் குளிர்ந்த பானங்களைக் குடிக்கச் சொன்னார்கள். அவர்களின் சிறுநீரில் பிபிஏ அளவு 69 சதவீதம் உயர்ந்தது. சூடே இல்லாமல் இவ்வளவு. முந்தைய ஆண்டு சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையில், கொதிநீர் ஊற்றியபோது பிபிஏ கசியும் வேகம் குளிர்நீரைவிட 55 மடங்கு வரை போனது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு நாளைக்குத் தாங்கத்தக்க அளவை 2023ல் முன்பிருந்ததைவிட 20,000 மடங்கு குறைத்தது. 2024 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் உணவோடு தொடர்புபடும் பொருள்களில் பிபிஏவைத் தடை செய்து, படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவருகிறது. ஆறுதலான ஒன்றும் உண்டு: பிபிஏ உடலில் நெடுநாள் தங்காது, ஒரு நாளுக்குள் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும். உள்ளே போவதை நிறுத்தினால் அளவு விரைவில் இறங்கும். ஆகவே சைக்கிள் பாட்டிலைக் கேனிலிருந்து நேராக நிரப்பாமல், வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சியோ சுத்திகரித்தோ ஸ்டீல் குடத்தில் வைத்து, அதிலிருந்து நிரப்புங்கள். கேனைத் தவிர்க்க முடியாத வீட்டில், கேன் வந்ததும் தண்ணீரை எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு அவசரமாகப் படுவது கிருமி. 2007ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மழையில் நடந்த ஒரு மலைச் சைக்கிள் போட்டிக்குப் பிறகு, விசாரிக்கப்பட்டவர்களில் 200க்கும் மேற்பட்ட போட்டியாளர்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. கேம்பிலோபாக்டர் என்ற பாக்டீரியா. சேறு வாய்க்குள் போனதுதான் தொடர்பு என்று தெரியவந்தது. சக்கரம் வாரியடிக்கும் சேறு எங்கே விழுகிறது? முன்சக்கரத்துக்குப் பின்னால், சாய்ந்த குழாயில் மாட்டிய பாட்டிலின் வாயில். நம் சாலைகளில் மழைநீரோடு என்னென்ன கலந்து ஓடுகிறது என்று நான் விவரிக்கத் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டுகிறவர்கள் வாய்க்கு மேல் கவிழ்க்கும் மூடி உள்ள பாட்டிலை வாங்க வேண்டும், அல்லது குடிக்குமுன் வாய்ப்பகுதியில் கொஞ்சம் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, உதடு படாமல் வாய்க்குள் பீய்ச்சிக் குடிக்க வேண்டும். அண்ணாந்து குடிக்கப் பழகிய நமக்கு அது கடினம் அல்ல. சாலையில் இருந்து கண்ணை எடுக்காமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

வெளியிலிருந்து வரும் கிருமியைவிட உள்ளே வளர்வது பெரும்பாலோருக்கு நெருங்கிய எதிரி. உறிஞ்சும் வாயைப் பிடுங்கிக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை. விரலை உள்ளே விட்டுத் தடவினால் வழுவழுப்பாக இருக்கிறதா? அது பாக்டீரியாக்கள் கட்டிய படலம். சர்க்கரை கலந்த பானம் ஊற்றுகிறவர்களின் பாட்டிலில் இது இரண்டே நாளில் வந்துவிடும். ஓட்டி முடித்த அன்றே, அன்றைக்கேதான், மூடியையும் வாயையும் தனித்தனியாகக் கழற்றி, பாட்டில் பிரஷ்ஷும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போட்டுக் கழுவி, மூன்று நான்கு முறை நன்றாக அலச வேண்டும். கோபன்ஹேகன் ஆய்வில் சோப்பிலிருந்து வந்த பொருள்கள்தான் எண்ணிக்கையில் அதிகம் என்பதை நினைவில் வையுங்கள், அலசுவது அதற்காகவும்தான். இயந்திரத்தில் போடாதீர்கள். கொதிநீர் ஊற்றாதீர்கள், எல்டிபிஇ அந்தச் சூட்டில் இளகும். வாடை போகாவிட்டால் சமையல் சோடாவைக் கரைத்து இரவு முழுவதும் ஊறவைக்கலாம். கடைசியில் மூடாமல் கவிழ்த்துக் காயவையுங்கள். ஈரத்தோடு மூடி அலமாரியில் வைத்த பாட்டில் கழுவாத பாட்டிலுக்குச் சமம்.

உள்ளே என்ன ஊற்றலாம் என்பதற்கு வருகிறேன். தண்ணீர், உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல், எலுமிச்சைச் சாறு இவற்றால் அந்தச் சில மணி நேரத்தில் தொந்தரவு இல்லை. மோர் வேண்டாம். பாலிஎத்திலீன் கொழுப்பையும் வாடையையும் பிடித்துக்கொள்ளும், பிளாஸ்டிக்கில் சேர்க்கும் பொருள்களில் பல தண்ணீரைவிடக் கொழுப்பில் எளிதில் கரைபவை. வெயிலில் புளித்த மோர் வாடை அந்தப் பாட்டிலை விட்டுப் போகவே போகாது. மோரையும் இளநீரையும் நின்று, நிழலில், கடையிலேயே குடியுங்கள். உடம்புக்கும் ஓர் ஓய்வு கிடைக்கும். முந்தைய இரவு பாட்டிலில் பாதி தண்ணீரை உறையவைத்து, காலையில் மீதியை நிரப்பிப் போவது மிக நல்ல வழக்கம், அதைத் தயங்காமல் செய்யுங்கள். உறையவைத்தால் டையாக்ஸின் என்ற நச்சுப்பொருள் வரும் என்று சுற்றிவரும் செய்தி பொய். இந்தப் பிளாஸ்டிக்குகளில் டையாக்ஸின் கிடையாது, தவிரவும் குளிர் கசிவைக் குறைக்கத்தான் செய்யும். அப்போது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ரோல்ஃப் ஹால்டன் 2004லேயே இதை மறுத்திருக்கிறார்.

அப்படியானால் ஸ்டீல் ஏன் சாலையில் வேண்டாம் என்கிறேன்? பொருள் என்ற அளவில் ஸ்டீல்தான் மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேஜுக்குப் பொருந்தும் அளவில் ஸ்டீல் பாட்டில்களும் வந்துவிட்டன. ஆனால் பிழிய முடியாது. மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு கையில் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும்போது, அழுத்தினால் வாய்க்குள் பாயும் பாட்டில் கொடுக்கும் வசதியை அவற்றில் பல தருவதில்லை. விளைவு, ஆள் குறைவாகக் குடிப்பார். சென்னை வெயிலில் மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை போவது சாதாரணம். தலைசுற்றலும் வெப்ப மயக்கமும் அன்றைக்கே வரும் ஆபத்து, பிளாஸ்டிக்கின் ஆபத்து வந்தாலும் ஆண்டுகள் கழித்து வருவது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. தவிர, முழுதாக நிரம்பிய ஸ்டீல் பாட்டில் கேஜிலிருந்து எகிறி விழுந்தால் எதிரே இருப்பவருக்கு அடிபடும், கார்பன் ஃப்ரேமில் வெடிப்பும் விழலாம். மெதுவாக ஓட்டி, நிறுத்தி நின்று குடிக்கிற வழக்கம் உள்ளவர் தாராளமாக ஸ்டீலுக்குப் போகலாம். அலுவலகத்துக்குச் சைக்கிளில் போகிறவருக்கு ஸ்டீலே சரி, மேசையில் நாள் முழுக்கத் தண்ணீர் தங்கப்போவது அதில்தான். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நான் பிளாஸ்டிக்கைப் பரிந்துரைக்க மாட்டேன். ஹார்மோன்களோடு விளையாடும் பொருள்கள் எவ்வளவு சிறிய அளவானாலும் அந்தப் பருவத்தில் கணக்கில் வரும். பள்ளிக்குச் சைக்கிளில் போகும் பிள்ளைக்கு ஸ்டீல் பாட்டிலைப் புத்தகப்பையில் வைத்துக் கொடுங்கள்.

புதிதாக வாங்குவதாக இருந்தால், 4 அல்லது 5 எண், வெளிர் நிறம், முழுதாகக் கழற்ற முடிகிற வாய், இவை மூன்றும் போதும். கருப்புப் பாட்டில் வெயிலை உறிஞ்சும், உள்ளே அழுக்கும் தெரியாது. உள்சுவரில் கண்ணாடி போன்ற சிலிக்கா படலம் பூசிய பாட்டில்களைச் சில நிறுவனங்கள் விற்கின்றன. வாடை பிடிக்காமல் இருக்க அது உதவுகிறது, அந்தப் படலத்தைக் கெட்டிப் பிரஷ்ஷால் தேய்த்துக் கெடுத்துவிடாதீர்கள். மூக்கருகே வைத்தால் பிளாஸ்டிக் நெடி அடிக்கும் புதுப் பாட்டிலை நாலைந்து முறை நிரப்பிக் கொட்டிய பிறகே குடிக்கத் தொடங்குங்கள். ஒரு வாரம் கழுவியும் நெடி போகாதது கடைக்கே திரும்பிப் போகட்டும். உள்ளே கீறல் விழுந்து மங்கினால், கழுவியும் கரும்புள்ளி போகாவிட்டால், வெறும் தண்ணீரிலேயே ஒரு சுவை தட்டினால், பாட்டிலை மாற்றும் நேரம் வந்துவிட்டது. வாரந்தோறும் ஓட்டுகிறவருக்கு ஓராண்டு, கவனமாக வைத்திருந்தால் இரண்டாண்டு. பழைய பாட்டிலை எறிய வேண்டாம். மேல்பகுதியை வெட்டிவிட்டு அதில் டயர் லீவர், பஞ்சர் பேட்ச், மாற்று ட்யூப் எல்லாம் போட்டு இரண்டாவது கேஜில் செருகிக்கொள்ளலாம்.